பிள்ளையின் பத்து விரலையும் கேட்கிறார்கள்... உஷார்!

பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும் வழியில் ஒரு மேசை. லேப்டாப், பக்கத்தில் ஆதார் மையத்தில் இருக்குமே, அந்த மாதிரி கைரேகைக் கருவி. "மேடம், பாப்பா பத்து விரலையும் வெச்சா போதும். டாக்டரா, இன்ஜினியரா, எல்லாம் தெரிஞ்சிடும். லைஃப்ல ஒரே ஒரு டெஸ்ட்!" என்பார் டை கட்டிய இளைஞர். சில ஆயிரம் ரூபாய். சில நாளில் வழவழ தாளில் கலர் ரிப்போர்ட்.

விரலை நீட்டவிடாதீர்கள்!

டி.எம்.ஐ.டி. (டெர்மட்டோகிளிஃபிக்ஸ் மல்டிபிள் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட்) என்று இதற்குப் பெயர். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2019லேயே அறிக்கை விட்டுவிட்டது. ரிப்போர்ட்டில் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் பெயரைப் போடுவார்கள். 1983ல் அவர் சொன்ன பன்முக அறிவுக் கொள்கைக்கும் கைரேகைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கருவில் ரேகை உருவாகும்போதே மூளையும் வளர்கிறதாம், அதனால் ரேகை மூளையைக் காட்டுமாம். காதும் அப்போதுதான் வளர்கிறது. காதைப் பார்த்துக் கணக்கு மார்க் சொல்லிவிடலாமா?

ரிப்போர்ட்டுக்குள் என்ன இருக்கும்? இடது மூளை இத்தனை சதவீதம், வலது மூளை இத்தனை சதவீதம். குணத்துக்குக் கழுகு, மயில், புறா, ஆந்தை. 'ஊக்கப்படுத்தினால் நன்றாகச் செய்வார்' என்று ஒரு வரி, யாருக்குத்தான் பொருந்தாது? கிளி ஜோசியர் இதைவிடக் குறைந்த காசில் சொல்லிவிடுவார்.

பணம் போனால் போகட்டும். ஆனால் இப்படி ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வாயால் கேட்டால் டாண் டாணென்று பதில் சொல்கிற பிள்ளை, நோட்டில் எழுதச் சொன்னால் முழிக்கிறான். மூன்றாம் வகுப்பிலும் ஒரு வரியை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். ரேகை ரிப்போர்ட்டோ, 'இவனுக்குச் செய்து பார்த்தால்தான் புரியும்' என்று சொல்லி டான்ஸ் கிளாஸுக்கு அனுப்பும். உதவி கிடைக்க வேண்டிய வருஷங்கள் அப்படியே போய்விடும்.

உண்மையான பரிசோதனை கண்ணையும் காதையும் பார்ப்பதில் தொடங்கும். பிறகு உளவியலாளர் பிள்ளையோடு நேரில் உட்கார்ந்து பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனை செய்வார், படிக்க, எழுத, கணக்குப் போட வைப்பார். உங்களிடமும் டீச்சரிடமும் துருவித் துருவிக் கேட்பார். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையே இல்லை.

அங்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான். யு.கே.ஜி. பிள்ளைக்கே சர்டிஃபிகேட் தருகிறேன் என்பவரைக் கண்டால் ஒதுங்குங்கள். அந்த வயதில் சந்தேகம் இருந்தால் பயிற்சியைத் தொடங்கலாம், முத்திரை குத்தக் கூடாது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் முறையான சான்றிதழ்தான் வேண்டும். கழுகு, மயில் ரிப்போர்ட் அங்கே செல்லாது.

கையில் காசில்லையா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம்) எங்கே என்று விசாரியுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனமான என்.ஐ.இ.பி.எம்.டி. இருக்கிறது.

ஏற்கெனவே ரேகை எடுத்துவிட்டீர்களா? அந்த ரிப்போர்ட்டைப் பிள்ளையிடம் காட்டாதீர்கள். அதை வைத்து டியூஷனையோ குரூப்பையோ மாற்றாதீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்த மேசை மறுபடி வந்தால், அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று ஹெச்.எம்.மிடம் எழுத்தில் கேளுங்கள்.