சடையும் சவரமும்

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் காலையில் நடந்தால் ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், ஷி ட்ஸு என்று குளிர்நாட்டு நாய்களாக எதிரே வரும். சித்திரை பிறந்தால் அவற்றில் சில மொட்டைத் தலையும் மொட்டை உடம்புமாகத் திரியும். “வெயில் தாங்காது, பாவம், ஒட்ட வெட்டிடுங்க” என்று சொல்லித்தான் குரூமிங் கடையில் விடுகிறார்கள். ஷி ட்ஸுவுக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை. ஹஸ்கிக்கு உண்டு.

ஹஸ்கிக்கு முடி இரண்டு அடுக்கு. தோலை ஒட்டிப் பஞ்சு மாதிரி உள்முடி, அதன்மேல் நீளமாகவும் விறைப்பாகவும் மேல்முடி. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிவதில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஆகவே முடியை வழித்துவிட்டால் காற்று வாங்கும் என்பது நம் கற்பனை. வெயில் நேராகத் தோலில் இறங்குவதுதான் மிச்சம். போதாததற்கு, ஹஸ்கி, பாமரேனியன் போன்றவற்றில் வழித்த இடம் சில சமயம் மாதக்கணக்கில் திட்டுத் திட்டாகவே நிற்கும். உதிரத் தயாராக இருக்கும் உள்முடியை ஸ்லிக்கர் பிரஷ்ஷால் எடுத்துவிட்டாலே போதும்.

இத்தனை வகை முடிக்கும் காரணம் மிகச் சில மரபணுக்கள்தான். 80 இனங்களைச் சேர்ந்த 1000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, மூன்று மரபணுக்களைக் கொண்டே பெரும்பாலான முடி வகைகளை விளக்கிவிடலாம் என்று காட்டியது. முடி நீளத்துக்கு எஃப்ஜிஎஃப்5, மீசைக்கும் அடர்ந்த புருவத்துக்கும் ஆர்எஸ்பிஓ2, சுருட்டைக்கு கேஆர்டி71. எஃப்ஜிஎஃப்5-இன் வேலை, முடி வளர்ந்தது போதும் என்று நிறுத்துவது. அது பழுதானால் கோல்டன் ரெட்ரீவரின் நீள முடி. ஆர்எஸ்பிஓ2 மட்டும் மாறினால் டெரியர்களின் கம்பி முடி. மூன்றும் மாறினால் பூடில். குட்டைமுடி இனங்களில் மூன்றுமே ஓநாயிடம் இருந்த பழைய வடிவில்தான் இருக்கின்றன.

கண்காட்சிக்குப் போகும் நாயின் கதை தனி. வயர் ஃபாக்ஸ் டெரியருக்கு ட்ரிம்மர் ஆகாது. முற்றிய முடியைக் கட்டைவிரலுக்கும் கத்திக்கும் நடுவே பிடித்து, வளரும் திசையிலேயே பிடுங்குவார்கள். வேரில் பிடி தளர்ந்த முடி என்பதால் நாய் பெரும்பாலும் சும்மா நிற்கும். ட்ரிம்மர் போட்டால் நுனி மட்டும் போய், வளரும் முடி மென்மையாகி நிறமும் வெளுக்கும். நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியில் அதிகமுறை முதலிடம் வென்ற இனம் இதுதான். பின்னால் இருக்கும் விரல்வலியை யார் பார்த்தார்கள்! ஷி ட்ஸுவுக்கோ தலைகீழ்: ஒரு முடிகூட ஒடியக்கூடாது. வகிடு எடுத்து, அடுக்கடுக்காக, சீப்பு தோலைத் தொடும்வரை வார வேண்டும். மேலாக வாரினால் மேலே பளபளக்கும். காதுக்குப் பின்னும் அக்குளிலும் சடை பிடித்திருக்கும். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகி, சென்னைப் புழுக்கத்தில் அடியிலேயே ஈரம் தங்கிப் புண்ணாகும்.

என்னைக் கேட்டால், நீளமுடி நாய்ப் போட்டியில் பாதி கத்தரிக்காரரின் போட்டி. முதுகு சற்று வளைந்திருந்தால் அங்கே கொஞ்சம் முடி விட்டு நேராக்கலாம், மெலிந்த காலைத் தூணாக்கலாம். அதனால்தான் நடுவர் கண்ணை நம்பாமல் முடிக்குள் கைவிட்டு எலும்பைத் தடவிப் பார்க்கிறார்.

நம்மூர் நாய்களிடம் இந்த வித்தை செல்லாது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இருப்பது சென்னையில். இங்கே நடக்கும் கண்காட்சிகளில் சிப்பிப்பாறையோ கன்னியோ வளையத்துக்குள் வரும்போது விலா, இடுப்பு ஒடுக்கம், தொடைச் சதை எல்லாம் வெட்டவெளிச்சம். ரப்பர் கையுறையால் ஒரு தேய்ப்பு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு, நகம் வெட்டல், அலங்காரம் முடிந்தது. மீதியெல்லாம் ஓட்டமும் தீனியும். உண்ணி ஏறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

2005-இல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த ராஜபாளையத்தை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல், நிறமி குறைவு. உச்சிவெயிலில் மூக்கும் காதுமடலும் எளிதில் பொசுங்கும். உட்செவி வேலை செய்யவும் நிறமிச் செல்கள் தேவை என்பதால் இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் காணப்படுகிறது. குட்டி வாங்குபவர்கள் வெண்மையைப் பார்த்து மயங்குவதோடு நிற்காமல், குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இதில் தப்பிவிடும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் முறையாகச் செவிச் சோதனை செய்துகொள்வது நல்லது.