மண்ணும் மக்களும் – 9
நிலமில்லாத கிராமங்கள்

சுமத்திராவின் மினாங்கபாவ் பிரதேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் வாழும் கோலப்பிலா, ரெம்பாவ் கிராமங்களைப் பற்றியும், அவர்களுடைய பெர்பாத்தே ஆசாரப்படி குலத்தின் பூர்வீக நிலம் தாயிடமிருந்து மகளுக்கே இறங்குவதைப் பற்றியும், 1909ஆம் ஆண்டில் அந்தச் சம்பிரதாயம் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றதைப் பற்றியும் சென்ற வாரம் எழுதினோம். அதே நெகிரி செம்பிலானில், ஒரு முழ நிலமும் தங்கள் பேரில் இல்லாமலேயே கிராமங்களைச் சிருஷ்டித்து, தலைமுறை தலைமுறையாக அவற்றில் வாழ்ந்து காட்டிய நம் தோட்டத்து மக்களின் சரித்திரத்தை இந்த வாரம் பார்ப்போம்.

சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் லின்சம், சிலியாவ், பிராட்வால், சுவா பெத்தோங் என்று வரிசையாகத் தோட்டங்கள் இருந்தன. இவற்றுள் லின்சத்தில் முதலில் பயிரானது காப்பி. 1891ஆம் ஆண்டில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை இந்தப் பிரதேசத்தின் விளைபொருளைத் துறைமுகத்தில் சேர்த்தது. பிரேசில் காப்பி மலிந்து விலை வீழ்ந்தபோது, அதே பிரேசிலிலிருந்து 1876இல் விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1877இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூரை அடைந்திருந்த ரப்பர் மரம் காப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மரம் வந்த பின்னே மக்கள் வந்தார்கள். கங்காணிமார் தத்தம் ஊருக்கே திரும்பிப்போய்ச் சொந்தபந்தங்களையும் சாதிசனத்தையும் சேர்த்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றி அழைத்துவந்தபடியால், திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களில் ஒரே தெருவில் இருந்தவர்கள் இங்கே ஒரே லயத்தில் அண்டை வீட்டாராக அமைவது சகஜமாயிற்று. 1938இல் இந்திய சர்க்கார் இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்வதற்குள், லயங்களின் நடுவே மாரியம்மன் கோயிலும், எல்லையில் மரத்தடி முனீஸ்வரரும், ஆண்டுத் திருவிழாவும், ஆயாக்கொட்டகையும் உண்டாகிவிட்டிருந்தன. 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிட 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இடம் கொடுத்தபின், கங்காணியோ கிராணியோ வாத்தியாராக அமர்ந்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கிராமத்தின் குணம் அதன் விடியற்காலையில் விளங்கும். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, ஆணும் பெண்ணும் தத்தம் நிறைக்குப் பிரிந்து செல்வார்கள். குளிர்ச்சி தங்கியிருக்கும் வேளையில்தான் பால் நன்றாக ஓடுமாதலால், வெயில் ஏறுமுன் வெட்டி முடித்தாக வேண்டும். முதல் நாள் வெட்டுக்கோட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, சரிவான கோட்டின் வழியே பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, மங்கை நிமிர்த்தி வைத்து அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். கத்தி சற்றே ஆழ இறங்கினாலும் மரம் காயப்பட்டு, ஆறிய இடம் முண்டாகிப்போய், பின்னொரு காலத்தில் அங்கே வெட்ட முடியாமல் போகும். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு வெட்டப்போகும் இன்னொருவருக்காகப் பட்டையைக் காப்பாற்றி வைத்த இந்தக் கைகளின் நிதானத்தை, விவசாயி தன் வயலிடம் காட்டும் சிரத்தைக்குச் சற்றும் குறைந்ததென்று நாம் கருதவில்லை.

ஆனால் வயல் விவசாயிக்குச் சொந்தம்; மரமும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும் என்ற இந்த ஒரு நிபந்தனையே இக்கிராமங்களின் எல்லாத் துயரங்களுக்கும் மூலகாரணம். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயிலுக்குத் தோட்டத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனபோதும், சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், தமக்கென்று நிற்க ஓரடி மண் இல்லாதவர்களாகவே இம்மக்கள் அவற்றைச் சந்தித்தார்கள். எனினும் வாளாவிருந்தார்கள் இல்லை. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரான பி. பி. நாராயணன், இந்த நெகிரி செம்பிலானில்தான் தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கினார். துண்டாடலுக்குப் பரிகாரமாக 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, மாதம் 10 வெள்ளியாகத் தவணை கட்டி மூலதனம் சேர்த்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்களே.

ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் அடுக்கு வீடுகளும் எழுந்துவிட்ட இன்று, லயங்கள் பல இடிபட்டுவிட்டன. ஆயினும் தோட்டமே மறைந்துபோன இடங்களிலுங்கூட, தமிழ்ப்பள்ளிகள் அந்தத் தோட்டங்களின் பெயரையே இன்னமும் தாங்கி நிற்கின்றன. பட்டா கொடுக்காத உரிமையைப் பழக்கத்தாலும் பற்றாலும் ஈட்டிய மக்களுக்கு, ஊர்க்காரர்கள் என்ற கௌரவத்தைச் சரித்திரம் மறுக்கலாகாது. கோயில் கணக்கிலும் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்கும் அவர்களுடைய பெயர்கள், அவற்றைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, ஊர்வாரியாகத் தொகுக்கப்பட வேண்டும்.

அந்தப் பள்ளிகளின் கதையை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)