இரண்டு மாணவர்கள் போட்ட பட்டியல்!

குட்டீஸ், கம்ப்யூட்டர் திரையில் எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது, நடுவே ஒரு சொல் மட்டும் நீல நிறத்தில், அடிக்கோடு போட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டு போனால், அம்பு மறைந்து, குட்டிக் கை ஒன்று விரலை நீட்டும். ஒரு கிளிக்! அடுத்த நொடி நீங்கள் வேறொரு பக்கத்தில் இருப்பீர்கள். அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம். பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கலாம்.

இந்த நீலச் சொல்லுக்குப் பெயர்தான் இணைப்பு. ஆங்கிலத்தில் ‘லிங்க்’. வெளியே தெரிவது சொல். உள்ளே ஒளிந்திருப்பது ஒரு முகவரி. அதில் வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இன்று நமக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் உடனே கூகுளில் தட்டுகிறோம். கூகுள் வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள்? அப்போது, இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருந்தவர்கள், ‘எனக்குப் பிடித்த தளங்கள்’ என்று ஓரமாக ஒரு பட்டியல் போட்டு வைப்பார்கள். அதில் உள்ள இணைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கத்துக்குப் போகலாம். அங்கே இன்னொருவரின் பட்டியல் இருக்கும். இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். வழி சொன்னது இயந்திரம் அல்ல, மனிதர்கள்!

அப்படி இரண்டு மாணவர்கள் விளையாட்டாகப் போட்ட ஒரு பட்டியலின் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே ‘செர்ன்’ என்ற இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989ல் வைய விரிவு வலைக்கான திட்டத்தை எழுதினார். முதல் வலைத்தளமும் அங்கேதான் பிறந்தது. உலகில் வேறு எங்கெல்லாம் தளங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைத் தொடக்கத்தில் அவரே கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டு வந்தார். விரல் விட்டு எண்ணும் அளவுக்கு இருந்தவரை அது முடிந்தது. 1993ம் ஆண்டின் கடைசியில் வலைத்தளங்களை வழங்கும் கம்ப்யூட்டர்கள் 500ஐத் தாண்டின. 1994 முடிவில் 10,000! ஒரே ஆளால் எத்தனைதான் எழுத முடியும்?

சுமோ வீரர்கள் பெயரில் கம்ப்யூட்டர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே மின் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ என்ற இருவர். ஜெர்ரி தைவானில் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா வந்தவர். இருவருக்கும் ஒரு தற்காலிக டிரெய்லர் அறையில் இடம் கொடுத்திருந்தார்கள். இருவருக்குமே ஜப்பானின் சுமோ மல்யுத்தம் ரொம்பப் பிடிக்கும். அதனால் தங்கள் கம்ப்யூட்டர்களுக்கு அகேபோனோ, கோனிஷிகி என்று இரண்டு பெரிய சுமோ வீரர்களின் பெயரை வைத்திருந்தார்கள்!

ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டிய நேரத்தில் இவர்கள் செய்தது என்ன தெரியுமா? இணையத்தில் சுற்றித் திரிந்தார்கள். நல்ல பக்கம் கண்ணில் பட்டால் அதன் முகவரியைக் குறித்து வைத்தார்கள். பட்டியல் நீண்டது. நீண்ட பட்டியலில் தேடுவது கஷ்டமானது. எனவே, விளையாட்டு, அறிவியல், கலை என்று பிரித்தார்கள். ஒரு பிரிவு பெரிதானால் அதற்குள் இன்னும் சிறு பிரிவுகள். 1994ம் ஆண்டு ஜனவரியில் அதற்கு ‘வைய விரிவு வலைக்கு ஜெர்ரி, டேவிட் வழிகாட்டி’ என்று பெயர் வைத்து, எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். வந்து பார்த்தவர்கள் தங்கள் நண்பர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் இன்னும் பலருக்குச் சொன்னார்கள்.

அந்த நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. அதே ஆண்டில் புதுப்பெயர் வைத்தார்கள்: யாஹூ! ‘கலிவரின் பயணங்கள்’ கதை படித்திருக்கிறீர்களா? அதில் வரும் நாகரிகமே தெரியாத முரட்டுப் பிராணிகளுக்கு யாஹூ என்று பெயர். ‘நம்ம இரண்டு பேருக்கும் இதுதான் பொருத்தம்’ என்று சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டார்களாம்.

கொஞ்ச நாளில் பல்கலைக்கழகத்தின் கணினி வலையமைப்பால் அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். 1995ம் ஆண்டு மார்ச்சில் யாஹூ ஒரு நிறுவனமாகப் பதிவானது. முனைவர் பட்டத்தை இருவருமே முடிக்கவில்லை. (இதை அம்மா அப்பாவிடம் உதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள்!)

எந்த டப்பாவில் போடுவது?

பட்டியல் போடுவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? ஒரு சோதனை. செஸ் பற்றிய தளத்தை விளையாட்டு என்ற பிரிவில் சேர்ப்பீர்களா, பொழுதுபோக்கிலா? தாஜ்மகாலைப் பற்றிய பக்கத்தை வரலாற்றில் வைப்பதா, சுற்றுலாவில் வைப்பதா, கட்டடக் கலையில் வைப்பதா? ஒன்றில் மட்டும் வைத்தால், மற்ற இடங்களில் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

இந்தத் தலைவலிக்கென்றே ஒருவரை வேலைக்கு அமர்த்தினார்கள். அவர் பெயர் ஸ்ரீநிஜா ஸ்ரீனிவாசன். யாஹூவின் ஐந்தாவது ஊழியர் அவர். அவரும் அவரது குழுவினரும் ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்து, எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரே பிரிவை இரண்டு இடங்களில் காட்ட வேண்டியிருந்தால், அதன் பெயருக்குப் பின்னால் மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்த ‘அட்’ குறியைப் போட்டார்கள். ‘இதன் சொந்த வீடு வேறு இடத்தில்; இது அங்கே போகும் குறுக்குவழி’ என்று அதற்கு அர்த்தம். மிக அருமையான தளம் என்றால், பக்கத்தில் குட்டியாக ஒரு கூலிங்கிளாஸ் படம்! அந்தக் கண்ணாடிக்காகவே பட்டியலை மேய்ந்தவர்கள் உண்டு.

கவனியுங்கள், அந்தக் கண்ணாடியை வைத்தது ஒரு மனிதர். ‘நான் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, நீயும் போய்ப் பார்’ என்று அவர் தன் பொறுப்பில் சொல்கிறார். பட்டியலின் மதிப்பே அதில்தான் இருந்தது.

ஒவ்வொரு இணைப்பும் ஓர் ஓட்டு

அதே ஸ்டான்ஃபோர்டில், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, லாரி பேஜ், செர்கே பிரின் என்ற வேறு இரண்டு மாணவர்கள் இந்தப் பட்டியல்களை வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

உங்கள் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ‘கணக்கில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய்?’ என்று ஒவ்வொருவரையும் துண்டுச் சீட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். 25 சீட்டுகளில் மீனாவின் பெயர் வருகிறது. அப்படியானால் மீனா கணக்கில் புலி என்று, அவளுடைய மார்க்கைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சரி, அந்த மீனா தன் சீட்டில் யார் பெயரை எழுதினாள்? முத்துவின் பெயரை! முத்துவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சீட்டாக இருந்தாலும், எழுதியவள் மீனா அல்லவா? அந்தச் சீட்டுக்கு எடை அதிகம்.

லாரியும் செர்கேயும் இணையத்தில் செய்த கணக்கு இதுதான். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைத்தார்கள். அதற்கு ‘பேஜ்ராங்க்’ என்று பெயர். பேஜ் என்றால் பக்கம்தானே என்று நினைப்பீர்கள். லாரி பேஜின் பெயரும் அதில் இருக்கிறது! 1998ல் இதிலிருந்துதான் கூகுள் நிறுவனம் வந்தது. இன்று கூகுள் இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்த்து வரிசைப்படுத்துகிறது. ஆனால், தொடக்கத்தில் அதற்கு நல்லது எது என்று கற்றுக்கொடுத்தவர்கள், தங்கள் பக்கங்களில் இணைப்பு வைத்த சாதாரண மனிதர்கள்தான்.

ஓட்டு என்று வந்தால் கள்ள ஓட்டும் வருமே! வந்தது. இணைப்புகளைக் காசுக்கு விற்றார்கள். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பொய்ப் பக்கங்களை உருவாக்கி, எல்லாவற்றிலிருந்தும் தங்கள் தளத்துக்கே இணைப்பு கொடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களின் பக்கங்களில் கருத்து எழுதுவதுபோல் நுழைந்து தங்கள் முகவரியைத் திணித்தார்கள். 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஒரு வழி செய்தன. இணைப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிச்சொல்லைச் சேர்த்துவிட்டால், ‘இந்த இணைப்பு இங்கே இருக்கிறது, ஆனால் நான் இதற்கு ஓட்டுப் போடவில்லை’ என்று அர்த்தம். திருட்டு முழுக்க நின்றுவிடவில்லை. இன்றும் பூனை - எலி விளையாட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தொலைந்து போகும் பக்கங்கள்

இணைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்தப் பக்கம் காணாமல் போனால் இணைப்புக்குத் தெரியாது! நீலச் சொல் அப்படியே நிற்கும். கிளிக் செய்தால் ‘404 - பக்கம் இல்லை’ என்று வரும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013ல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் போன இடம் தெரியவில்லையாம். நூலகத்தில் மூன்று புத்தகத்துக்கு ஒன்றுக்கு மேல் மறைந்துவிட்டால் எப்படி இருக்கும்?

இதில் யாஹூவுக்கும் பங்கு உண்டு. ஜியோசிட்டீஸ் என்ற தளத்தில் உலகம் முழுவதும் சாதாரண ஆட்கள் இலவசமாகத் தங்கள் பக்கங்களை அமைத்திருந்தார்கள். பூனை பற்றி ஒருவர், ரயில் பற்றி ஒருவர், ‘எனக்குப் பிடித்த தளங்கள்’ என்று பலர். 1999ல் யாஹூ அதை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் இழுத்து மூடியது. மூடுவதற்குள் தன்னார்வலர்கள் சிலர் இரவு பகலாகப் பாடுபட்டு, முடிந்தவரை நகல் எடுத்து வைத்தார்கள். ஜெர்ரியும் டேவிட்டும் தொடங்கிய அந்தப் பழைய பட்டியலும் தப்பவில்லை. 2014 டிசம்பரில் அதையும் யாஹூ நிறுத்திவிட்டது.

பழைய பக்கம் தேவைப்பட்டால் ஒரு வழி இருக்கிறது. புரூஸ்டர் கேல் என்பவர் 1996ல் ‘இணைய ஆவணக் காப்பகம்’ தொடங்கினார். அது வலைப்பக்கங்களை நகல் எடுத்துச் சேர்த்து வைக்கிறது. 2001 முதல் அந்த நகல்களை எல்லோரும் பார்க்கலாம். ‘வேபேக் மெஷின்’ என்ற அதன் பகுதியில் பழைய முகவரியைக் கொடுத்தால், எந்தத் தேதியில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று காட்டும். எல்லாப் பக்கமும் கிடைக்காது, கிடைத்தால் அதிர்ஷ்டம்!

நீங்களும் போடலாமே!

உங்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருந்தால் அதன் ஓரத்தில் போடுங்கள். இல்லாவிட்டால், ஒரு சார்ட் பேப்பரில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். பத்துத் தளங்கள் போதும். நூறு எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வெறும் முகவரியை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் ஒரு வரி, ஏன் பிடித்தது என்று. ‘சூப்பர் தளம்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘தினம் ஒரு வானப் படம் வரும், படத்தின் கீழே உள்ள விளக்கத்தில் நீலச் சொற்கள் நிறைய உண்டு’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு உடனே போகத் தோன்றும். நான் சொல்வது நாசா ஆதரவில் 1995 ஜூன் 16 முதல் வந்துகொண்டிருக்கும் ‘இன்றைய வானியல் படம்’ என்ற தளத்தை! தமிழில் வேண்டுமா? 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இருக்கவே இருக்கிறது.

ஓர் இணைப்பைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், நீங்கள் அதைத் திறந்து, கடைசி வரை பார்த்திருக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று சேர்க்கக் கூடாது. அதன் மேல் அம்பை வைத்தால், பெரும்பாலும் திரையின் கீழ் ஓரத்தில் உண்மையான முகவரி தெரியும். மேலே எழுதியிருப்பது ஒன்று, கீழே தெரிவது வேறொன்று என்றால் தொடாதீர்கள். ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்று வரும் இணைப்புகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். நண்பனின் புகைப்படம், போன் நம்பர் இருக்கும் பக்கமென்றால், அவனைக் கேட்காமல் போட வேண்டாம்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறை வரும்போது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். செத்துப்போனதை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள்.

அப்புறம், டிம் பெர்னர்ஸ்-லீயின் அந்த முதல் வலைத்தளமும் ஒரு கட்டத்தில் காணாமல் போயிருந்தது. 2013ல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. படம் இல்லை, வண்ணம் இல்லை, வெறும் எழுத்துதான். தேடிப் போய்ப் பாருங்கள். கிளிக் செய்ய நிறைய இணைப்புகள் இருக்கின்றன.