உஷார்! பூனைக்கு இன்சுலின் போடுகிறீர்களா? சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள்

புதுப்பட்டினம், கல்பாக்கம் பக்கம் சுகர் மாத்திரை இல்லாத வீட்டை இன்று தேடத்தான் வேண்டும். தாத்தாவின் இன்சுலின் பிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது சில வீடுகளில் அதே தட்டில் பூனையின் இன்சுலினும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

பூனைக்கும் சர்க்கரை நோய் வரும். நடுவயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே கிடந்து உடம்பு போட்ட கடுவன்களுக்கு அதிகம் வரும். அரிப்புக்கும் இளைப்புக்கும் போடுகிற ஸ்டீராய்டு ஊசியாலும் வரலாம். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், மண் தட்டு நனைந்துகொண்டே இருக்கும், நன்றாகத் தின்றும் இளைக்கும். டாக்டர் பெரும்பாலும் எழுதிக்கொடுப்பது இன்சுலின்தான், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. போடப்போவது நீங்கள்.

நம் ஊர் மருந்துக்கடையில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. பாட்டிலில் வரும் பழைய ரகங்களில் பல 40. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் கிளார்ஜின் என்ற இன்சுலினும் பெரும்பாலும் 100. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில், மங்கலான வெளிச்சத்தில், இந்த இரண்டு நிறமும் கண்ணை ஏமாற்றிவிடும். மூடியைக் கழற்றி எறிந்தபின் கையில் இருப்பது எது என்று சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்தால்தான் தெரியும். கோடுகளையும் பாருங்கள். 1 மில்லி சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு 1 யூனிட். அதே அளவு ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு 2 யூனிட். அதில் பூனைக்கான 1 யூனிட்டைச் சரியாக அளக்கவே முடியாது. 100 யூனிட் மருந்தென்றால் பூனைக்கு அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சைக் கேட்டு வாங்க வேண்டியது அதனால்தான்.

தாத்தாவின் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘1’ கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது இரண்டரை யூனிட். ‘2’ வரை இழுத்தால் 5. பூனைக்கு வைத்தியத்தை ஆரம்பிக்கும்போதே வழக்கமாக வேளைக்கு 1 யூனிட், பெரிய பூனையானால் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் கொடுக்கிறார்கள். 20 யூனிட் போட்டுக்கொள்கிற மனிதருக்கு ஒன்றரை யூனிட் கூடினால் தெரியாமலே போய்விடலாம். நாலு கிலோ பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

தலைகீழாக நடந்தாலும் ஆபத்துதான். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் ‘1’ வரை இழுத்தால் போவது 0.4 யூனிட் மட்டும். சுகர் இறங்காது. நீங்கள் 2, 3, 4 என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள். ஒரு நாள் கடைக்காரர் சரியான சிரிஞ்சைக் கொடுத்துவிடுவார். அன்று ‘4’ கோடு உண்மையிலேயே 4 யூனிட். ராத்திரி பூனை விழுந்துவிடும்.

நான் பதறுவது இந்தச் சங்கிலிக்காகத்தான். சுகர் ஏன் ஏறியது என்று கேட்காமல் யூனிட்டை மட்டும் ஏற்றுகிறோம். ஏற்றியதற்கான காரணம் ஒரு நாள் தானாக மறைந்துவிடுகிறது. யூனிட் மட்டும் ஏறிய இடத்திலேயே நிற்கிறது.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்ததை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. புயலிலோ மே மாத மின்வெட்டிலோ பிரிட்ஜ் நின்று மருந்து வெந்துபோனால் அதன் வீரியம் குறையும். வீட்டில் என்ன செய்வார்கள்? சுகர் ஏறுகிறது, யூனிட்டையும் ஏற்றுவார்கள். பிறகு புது பாட்டில் வரும், முழு வீரியத்தோடு. ஏற்றிய அளவு அப்படியே தொடரும்.

சாப்பாடும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும், பூனைத் தட்டில் மீன் குறைந்து சோறு கூடும். சோறு கூடினால் சுகர் ஏறும். தடை முடிந்து மீன் மலிந்ததும் சோறு குறையும், இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பால் சோற்றை நிறுத்திவிட்டு மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றும் வீட்டிலும் இதேதான். உணவை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிய பிறகு சொல்லாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆரம்பத்திலேயே நன்றாகக் கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வந்துவிடும். எவ்வளவு நல்ல செய்தி! ஆனால் அது சொல்லிக்கொண்டு வராது. உடம்பு தேறிக்கொண்டிருக்கும்போதே பழைய அளவு ஊசி தொடர்ந்தால், தேறியதே ஆபத்தாகிவிடும். தண்ணீர் குடிப்பதும் மூத்திரமும் சட்டென்று குறைந்தால், மகிழ்ந்த கையோடு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் சுகர் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கட்டாயம் பாருங்கள். காது ஓரத்தில் ஒரு சின்னக் குத்து போதும். ஆனால் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாய் குரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பயத்திலேயே பூனையின் சுகர் 300-ஐத் தாண்டலாம். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரோ பூனை ரத்தத்தில் பொதுவாகக் குறைத்துக் காட்டும். ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது. ஊசி போட்டபின் எதுவரை இறங்குகிறது என்பதைத்தான் டாக்டர் முக்கியமாகப் பார்ப்பார். அதற்கு 12 மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். ஏற்றினாலும் அவர் பெரும்பாலும் அரை யூனிட்தான் ஏற்றுவார். அதன் பலனைப் பார்க்கவே ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருப்பார். நாமோ ராத்திரி பார்த்துக் காலையில் ஏற்றிவிடுகிறோம்.

அரை யூனிட் வரவில்லை என்று தண்ணீர் கலக்கும் யோசனையும் வேண்டாம். கிளார்ஜினில் எதையும் கலக்கவே கூடாது.

வீட்டில் இருவர் ஊசி போடுகிறீர்களா? அம்மா போட்டாரா, மகன் போட்டானா என்ற சந்தேகம் எந்த வீட்டிலும் ஒரு நாள் வரும். போட்டவுடன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே நேரத்தை எழுதுங்கள். சந்தேகம் வந்தால் போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரட்டை ஊசி கொன்றுவிடலாம். பாதி ஊசி வெளியே போய்விட்டதோ என்று நினைத்தாலும் மறுபடி குத்தாதீர்கள்.

பூனை சாப்பிடவில்லையா, ஊசிக்கு முந்தைய ரீடிங் வழக்கத்தைவிடக் குறைவா? போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அதற்காக நாள்கணக்கில் நிறுத்திவிடவும் கூடாது. சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு கிடக்கும் சுகர் பூனைக்கு ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை.

லோ சுகர் இப்படித்தான் தெரியும்: திடீர்ப் பசி, தள்ளாட்டம், எங்கோ வெறித்த பார்வை, உடம்பு துடிப்பு, கடைசியில் வலிப்பு. சாப்பிட முடிந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பின்போது பல்லுக்கிடையே விரலை வைக்காதீர்கள். எழுந்து நடந்துவிட்டாலும் டாக்டரிடம் போயே ஆக வேண்டும், உள்ளே போன இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இங்கிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எடுப்பார், எங்கே திறந்திருக்கும் என்பதைப் பகலிலேயே விசாரித்து, நம்பரைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

இன்றைய ஊசிக்கு முன்னால் பாட்டிலையும் சிரிஞ்சையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 40-க்கு 40, 100-க்கு 100. பொருந்தவில்லையென்றால் இன்றைக்கு ஊசி வேண்டாம். டாக்டருக்குப் போன் போடுங்கள்.