சிறு டிராக்டர் வாங்குமுன் டீலரைப் பாருங்கள்

கிள்ளான்: அறுத்த செம்பனைக் குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்ப்பதே நல்லது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். குலை ஏற்றும் நாளில் டிராக்டர் படுத்துவிட்டால், நட்டம் பழுதுச் செலவோடு நிற்காது.

அதனால், காப்பார், பந்திங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் விலையைப் பேசுமுன் டீலரை விசாரிக்க வேண்டும். உதிரிபாகம் கையிருப்பில் உண்டா? மெக்கானிக் தோட்டத்திற்கே வருவாரா? உத்தரவாதம் எவ்வளவு காலத்திற்கு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டி மலிவுதான். ஆனால், அந்த மாடலுக்கு இங்கே உதிரிபாகம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

இணைப்புக் கருவிகளை வேலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். குலை ஏற்ற டிரெய்லர், புதர் வெட்டப் புல்வெட்டி, காய்கறி நிலத்திற்குச் சுழல் கலப்பை. கருவிகளை இயக்கும் பின்தண்டு பொதுவாக நிமிடத்திற்கு 540 முறை சுழலும். கருவியும் அந்த வேகத்திற்கு உரியதா, அதன் எடையை டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்குமா என்று பாருங்கள்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் கட்டாயம் தேவை. கரையோரக் களிமண் மழையில் சேறாகும். முன்பணம் கட்டுமுன், முடிந்தால் உங்கள் நிலத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.