தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி: அறிகுறிகளும் நோய் உறுதிப்பாடும்

உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு இரைப்பையின் சுவர்ச்செல்களைத் தாக்கி அழிப்பதால் உண்டாவது தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி. இரைப்பையைப் பற்றிய நோயாயினும் இதன் தெளிவான அடையாளங்கள் இரத்தத்திலும் நரம்புகளிலுமே தோன்றுகின்றன. வயிற்றில் தொல்லை இருந்தாலும் அது உண்டபின் நேரும் மந்தம், உப்பிசம் என்ற அளவிலேயே நிற்பதால், நோய் பல்லாண்டுகள் அறியப்படாமல் போகிறது.

சுவர்ச்செல்கள் அமிலத்தையும், வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவதற்குத் தேவையான உள்ளார்ந்த காரணியையும் சுரக்கின்றன. 1849இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த உயிர்க்கொல்லி இரத்தச்சோகை இக்காரணியின் இழப்பால் விளைவது. எனினும் அது நோயின் முதிர்நிலையே ஆகும். கல்லீரலில் உள்ள பி12 இருப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானது. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவோ அமிலம் வேண்டும். அமிலம் குறைந்ததும் இரும்புக் குறைபாடு முந்திக்கொள்கிறது. மாதவிடாய்ப் பருவத்துப் பெண்களிடம் இது மிகுதி. இரும்பு மாத்திரைகளால் மாறாத சோகையைக் காணும்போது இந்நோயை ஐயுறுதல் வேண்டும்.

இரும்புக் குறைபாட்டில் சிவப்பணுக்கள் சிறுக்கும். பி12 குறைபாட்டில் பெருக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி அளவு இயல்பாகவே தோன்றி ஆய்வாளரை ஏமாற்றும். ஃபோலிக் அமிலம் மட்டும் அளித்தால் சோகை நீங்கியதுபோல் தெரியும். ஆனால் பாத மரப்பு, நடைத் தள்ளாட்டம் முதலிய நரம்புச் சிதைவு தொடரும். சைவ உணவினர் மிகுந்த இந்தியச் சூழலில் பி12 குறைபாடு உணவின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அசைவம் உண்பவரிடமும் அக்குறைபாடு காணப்பட்டால் அவ்விளக்கம் பொருந்தாது. தைராய்டு தன்னெதிர்ப்பு நோய், முதல்வகை நீரிழிவு ஆகியன உடையோரிடமும் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

இரத்தச் சோதனைகளுள் சுவர்ச்செல் எதிர்ப்பொருள் நோயாளர் பெரும்பாலோரிடம் காணப்படும். ஆயினும் நோயற்றோர் சிலரிடமும் அது உண்டு. உள்ளார்ந்த காரணி எதிர்ப்பொருளோ, காணப்பட்டால் ஏறக்குறைய உறுதி; காணப்படாமையால் நோயில்லை எனக் கொள்ளலாகாது. இரத்தத்தில் காஸ்ட்ரின் உயர்ந்தும் பெப்சினோஜன்-1 தாழ்ந்தும் இருப்பது துணைச்சான்றாகும். அமிலக்குறைப்பு மாத்திரைகளும் காஸ்ட்ரினை உயர்த்தும் என்பதால் அம்மருந்து பற்றி முதலில் வினவ வேண்டும்.

நோயை உறுதிசெய்வது எண்டோஸ்கோபி வழியே எடுக்கப்படும் திசுச்சோதனையே. இங்குத் திசு எடுக்கப்படும் இடம் முடிவைத் தீர்மானிக்கிறது. சுவர்ச்செல்கள் இரைப்பையின் மேற்பகுதியிலும் உடற்பகுதியிலும் உள்ளன. சிதைவும் அங்கேயே நிகழ்கிறது, கீழ்ப்பகுதி பெரிதும் தப்பிவிடுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி அழற்சி பொதுவாகக் கீழ்ப்பகுதியில் தொடங்குவது. 1973இல் ஸ்டிரிக்லண்ட், மெக்கே இருவரும் நாட்பட்ட இரைப்பை அழற்சியை 'ஏ', 'பி' எனப் பிரித்ததும் இவ்வேறுபாட்டை ஒட்டியே. கீழ்ப்பகுதியில் மட்டும் திசு எடுத்தால் 'இயல்பு' என்ற அறிக்கை வரக்கூடும். இரு பகுதிகளிலிருந்தும் எடுத்த திசுக்களைத் தனித்தனிக் குப்பிகளில், எடுத்த இடத்தைக் குறித்து அனுப்பினால்தான் நோய்க்குறியியலாளர் சிதைவின் பரவலைக் கூற இயலும்.

உறுதியான பின்பும் கண்காணிப்புத் தேவைப்படுகிறது. உயர்ந்த காஸ்ட்ரின் இரைப்பையின் நாளமில்லாச் செல்களை இடைவிடாது தூண்டுவதால் முதல்வகை நரம்புநாளக் கட்டிகள் தோன்றலாம். இவை பெரும்பாலும் சிறியவை, மெல்ல வளர்பவை. இரைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் மிகுவதால், குறித்த இடைவெளியில் எண்டோஸ்கோபி செய்வது பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.