எங்கே என்று முதலில் சொல்!

எழுதப் பழகும் பிள்ளைகள் – 9

‘எங்கள் ஊர்’ என்று கரும்பலகையில் தலைப்பைப் போட்டுவிட்டு, ஏற்காட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “எங்கள் ஊர் ஏற்காடு. எங்கள் ஊர் அழகான ஊர். எங்கள் ஊரில் ஏரி உள்ளது. எங்கள் ஊரில் பூங்கா உள்ளது. எனக்கு எங்கள் ஊர் மிகவும் பிடிக்கும்.” எழுத்துப்பிழை இல்லை, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் ஏற்காட்டை அடித்துவிட்டுக் கொடைக்கானல் என்று எழுதினாலும் கட்டுரைக்கு ஒரு குறையும் வராது!

அதே பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதே சொல்வதைக் கேளுங்கள். “ஒண்டிக்கடை கிட்ட, அந்த வளைவுல, பெரிய காட்டுமாடு நின்னுச்சு சார்!” முதலில் இடம், அப்புறம் மாடு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே வாயில் வருகிற இந்த வரிசை, பென்சிலைப் பிடித்ததும் காணாமல் போய்விடுகிறது. படத்தைப் பார்த்து ‘இது மரம்’, ‘பூனை பால் குடிக்கிறது’ என்று எழுவாயில் தொடங்கும் வாக்கியங்களையே முதல் இரண்டு வகுப்புகளிலும் எழுத வைக்கிறோம். வாக்கியம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது.

சென்ற வாரம், வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘நான்’ என்ற சொல்லை எப்படிக் குறைப்பது என்று பார்த்தோம். அது போன இடத்தில் எதை வைப்பது? இந்த வாரம் இடத்தை வைத்துப் பார்ப்போம்.

பாம்பு முதலா, மரம் முதலா?

கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள்.

பலாமரத்தில் பாம்பு இருக்கிறது.
பாம்பு பலாமரத்தில் இருக்கிறது.

சொற்கள் ஒன்றே, இலக்கணப்படி இரண்டும் சரி. “எதை எப்போது சொல்வாய்?” என்று கேட்டால் பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். மரத்தடிக்குப் போகப் பார்க்கும் தம்பியைத் தடுக்க முதல் வாக்கியம். அவனுக்குப் பாம்பைப் பற்றி இன்னும் தெரியாது. நேற்றுப் பார்த்த பாம்பு எங்கே போனது என்று தேடுகிற அப்பாவுக்கு இரண்டாம் வாக்கியம். அவருக்குப் பாம்பைத் தெரியும், இடம்தான் தெரியாது.

பாடத்தின் சாரம் இவ்வளவுதான். கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரும்போது இடத்தை முதலில் வைக்கிறோம். அது அறிமுகமான பிறகு அதையே முதலில் வைக்கிறோம். “ஏரியின் நடுவில் ஒரு படகு நின்றது. அந்தப் படகில் யாரும் இல்லை.” ‘ஒரு’ என்று வந்தது ‘அந்த’ என்று மாறுவதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

முதுகைக் காட்டி வரைதல்

இதை விளக்கிச் சொல்வதைவிட விளையாட வைப்பது எளிது. இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகாக உட்காரட்டும். ஒருவர் கையில் ஒரு படம், மற்றவர் கையில் வெற்றுத்தாள். படத்தைப் பார்ப்பவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். “ஒரு குரங்கு” என்று தொடங்கினால் வரைபவரின் பென்சில் தாளுக்கு மேலேயே நிற்கும். “எங்கடா?” என்று கேள்வி வரும். “தாளின் கீழ்ப்பக்கத்தில், இடது மூலையில், ஒரு பாறை. பாறைக்கு மேலே ஒரு குரங்கு” என்றால் கை தானாகப் போகும். வாசகர் நிலைமையும் அதுதான். எழுதுகிறவர் பார்ப்பதை அவரால் பார்க்க முடியாது.

மலைப் பள்ளிகள் பலவற்றில் ஓரிரு ஆசிரியர்கள்தான் எல்லா வகுப்புகளையும் சேர்த்து நடத்துகிறார்கள். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி உட்கார வைத்தது. இந்த விளையாட்டு அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும். அரும்பு நிலைப் பிள்ளை சொல்லட்டும், மொட்டு வரையட்டும், மலர் அதை எழுதட்டும்.

ஊர்ப்பெயர்களே வாய்பாடு

இடத்தை முன்னால் வைக்க, இடச்சொல்லை ஒழுங்காக எழுதத் தெரிய வேண்டும். ‘ஏற்காடில்’ என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். இதற்குத் தனிப் பயிற்சிநூல் தேட வேண்டாம். சேர்வராயன் மலை ஊர்களை வரிசையாகச் சொல்ல வைத்தாலே போதும். நாகலூர், நாகலூரில். மாற்றம் ஏதும் இல்லை. வாழவந்தி, வாழவந்தியில். வெள்ளக்கடை, வெள்ளக்கடையில். நடுவில் ‘ய்’ வந்து சேர்கிறது. செம்மநத்தம், செம்மநத்தத்தில். மாரமங்கலம், மாரமங்கலத்தில். ‘ம்’ போய் ‘அத்து’ வருகிறது. ஏற்காடு, ஏற்காட்டில். ‘ட்’ இரட்டிக்கிறது. ஒரே ஒன்றியத்து ஊர்களிலேயே நான்கு விதமும் கிடைத்துவிட்டன. அவரவர் ஊர்ப்பெயர் என்பதால் மறக்கவும் மறக்காது.

‘இல்’ பழகியதும் அடுத்த படிக்குப் போகலாம். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளை அடுக்குகிறது. மேல், கீழ், உள், புறம், முன், பின், இடை எல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியலைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ‘ஏரியில்’ என்ற ஒன்றோடு நிற்காமல் ஏரிக்கரையில், ஏரிக்கு எதிரே, ஏரியைத் தாண்டி என்று அவர்களிடமிருந்தே வாங்கிவிடலாம். சரிவு, பள்ளம், வளைவு, உச்சி எல்லாம் மலைப்பிள்ளைகள் நாள்தோறும் புழங்குகிற சொற்கள். சேலத்துக்குப் போனவரைக் ‘கீழே போயிருக்கார்’ என்று சொல்லும் ஊரில் இடச்சொல்லுக்கா பஞ்சம்?

வரிசை வேண்டும்

இடங்களைக் கண்டபடி தூவினால் வாசிப்பவருக்குத் தலை சுற்றும். ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காபித் தோட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்க்கலாம். “தலைக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள் நிழல் கொடுக்கின்றன. அவற்றின் தண்டில் மிளகுக்கொடி ஏறுகிறது. நிழலுக்கு அடியில் காபிச் செடிகள் நிற்கின்றன. அவற்றில் பழம் சிவந்தால் அம்மாவுக்கு வேலை இருக்கும்.” கடைசி வாக்கியத்தை எழுத, தோட்டத்துப் பிள்ளையால்தான் முடியும்.

மலைப்பாதை இன்னும் வசதி. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் எண் போட்டு நிற்கின்றன. “அடிவாரத்தில் வியர்த்தது” என்று தொடங்கி, வளைவு வளைவாக ஏறி, “ஏரிக்கரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன்” என்று முடிக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் போன கதையை எழுதச் சொன்னால் ‘பிறகு’, ‘பிறகு’ என்றே கோக்கிற பிள்ளைக்கு இது நல்ல மாற்று.

ஆங்கில வகுப்பில்

ஆங்கிலத்தில் எழுதும்போது இதே பிள்ளைக்கு ஒரு சிக்கல் வரும். தமிழில் பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு வருகிறோம்: ஏற்காட்டில், ஏரிக்கரையில், ஒரு கடையில். ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் கடையில் தொடங்கி, கரைக்கு வந்து, ஊரில் முடியும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டினால் பாதிக் குழப்பம் தீரும். கமாவும் அப்படித்தான். ஆங்கிலத்தில் முன்னால் வந்த இடத்தொடருக்குப் பின் கமா போடப் பழக்குகிறார்கள். தமிழில் ‘ஏரிக்கரையில்’ என்று ஒரு சொல் வந்தால் கமா தேவையில்லை. இரண்டு மூன்று இடங்கள் அடுத்தடுத்து வந்தால் போடலாம்.

அளவு மீறினால்

இங்கிலாந்தில் 2014-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இடம், காலம், விதம் காட்டும் தொடர்களை வாக்கியத்தின் முன்னால் வைக்கக் கற்க வேண்டும் என்றது. இலக்கணப் பெயரும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. பிள்ளைகளின் எழுத்தைப் பெட்டி பெட்டியாக ‘டிக்’ அடிக்கும் வேலையாக்கிவிட்டார்கள் என்று அங்கே எழுத்தாளர்களும் பெற்றோரும் குறைபட்டார்கள். சிறுவர் நூல்கள் எழுதும் மைக்கேல் ரோசன் அவர்களில் முக்கியமானவர்.

நமக்கும் அந்த ஆபத்து உண்டு. ‘இடத்தில் தொடங்கினால் ஒரு மதிப்பெண்’ என்று அறிவித்துப் பாருங்கள். “பலாமரத்தில் நான் குரங்கைப் பார்த்தேன்” என்று வரும். மரத்தில் இருந்தது யார் என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் திருத்தத்தை அவர்களிடமே விடுங்கள். “பலாமரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பார்த்தது யார் என்று சொல்லவே வேண்டியதில்லை என்பதும் அப்போது விளங்கும்.

ஆகவே நோட்டைத் திருத்தும்போது எத்தனை வாக்கியம் இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணாதீர்கள். இதை வாசித்து இன்னொரு பிள்ளையால் படம் வரைய முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடிந்தால் இடம் முன்னால் வந்தாலும் நடுவில் வந்தாலும் சரிதான்.

இந்த வாரப் பயிற்சி: உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் விடுதியைப் பார்க்காத பாட்டிக்கு ஐந்து வாக்கியத்தில் அதைக் காட்டிக் கடிதம் எழுதட்டும். வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள், வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரை வழி எழுதட்டும். மறுநாள் நோட்டை மாற்றிக்கொண்டு வரையட்டும். எந்த வாக்கியத்தில் பென்சில் நின்றதோ, அதை மட்டும் திருத்தி எழுதினால் போதும்.

(அடுத்த வாரம்: ‘ஒரு நாள்’ என்று தொடங்காத கதைகள்)